மூணாம்படி காய்ந்திருந்த நாள்

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் மூணாம்படிக்குப் பொட்டு வைக்கவில்லை. மிக்சி, கிரைண்டர், என் தையல் மிஷின், அரிவாள்மனை, வீட்டுக்காரரின் ட்ரெய்லர் லாரிச் சாவி என்று எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பின்கதவைத் திறந்து படியை ஒரு பார்வை பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து பொரியையும் கடலையையும் கிண்ணத்தில் கொட்டினேன்.

படிக்கு எதற்குப் பொட்டு என்று கேட்பீர்கள். என் வீடு திருவொற்றியூரில் ஒரு நீளத் தெருவின் மேற்குக் கோடியில், கடைசி வீடு. கிழக்கு முனையில் நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய கடற்கரை. மேற்கே எங்கள் பின்கதவைத் திறந்தால் கால்வாய். கதவிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஏழு கருங்கல் படிகள். வெள்ளைக்காரன் காலத்தில் படகில் விறகும் உப்பும் வந்து இறங்கிய இடம் என்பார்கள். இப்போது அங்கே வந்து சேருவதெல்லாம் ஆகாயத்தாமரையும் மணலி எண்ணெய் ஆலைகளின் நாற்றமும்தான்.

மேலிருந்து எண்ணினால் மூன்றாவது படியும் தெருவும் ஒரே மட்டம். கால்வாய்த் தண்ணீர் அந்தப் படியை நனைத்தால் அரை மணியில் தெருவுக்குள் வந்துவிடும். எங்கள் வீடு கரைமேட்டில் இருப்பதால் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் படி எங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் மழைக்காலத்தில் படியைப் பார்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் வீட்டு வேலை. படி நனைந்தால் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால் அடித்துக்கொண்டு தெருவில் நடக்க வேண்டும். அடித்தால் எல்லோரும் அரிசி, துணி, டிவி, படுக்கை என்று பரணுக்கும் மாடிக்கும் ஏற்றுவார்கள். தண்ணீர் ஐந்தாம் படிக்கு இறங்கிய பிறகு நாங்கள் "இறக்கு" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரை யாரும் ஒரு தலையணையைக்கூடக் கீழே கொண்டுவர மாட்டார்கள்.

மாமியார் போன பிறகு அந்தத் தாம்பாளம் என் கைக்கு வந்தது. பதினெட்டு வருஷம் அடித்தேன். ஒரு தடவைகூடப் படி பொய் சொன்னதில்லை. கருவியாக உழைக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு உண்டென்றால் அந்தக் கல்லுக்கும் உண்டு என்று வருஷா வருஷம் வைத்து வந்தோம்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது. மற்ற நாளெல்லாம் நான் ஜாக்கெட் தைக்கிறவள். கொக்கி பிய்ந்துவிட்டது என்று சண்டைக்கு வருவார்கள். மழை பிடித்துவிட்டால் நான்தான் தெருவுக்குக் கலெக்டர். வங்கியில் வேலை பார்க்கிறவர்கூடக் குடையோடு வந்து வாசலில் நின்று, "இன்னாக்கா, படி எப்டி கீது?" என்று கேட்பார். நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். உள்ளே போய் ஏற்கெனவே பார்த்த படியையே இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் சொல்வேன்.

எதிர் வரிசையில் நாலு வீடு தள்ளி என் சிநேகிதி வீடு. நானும் அவளும் ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள். அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். "யக்கா" என்பாள், ஆனால் நீ வா போ தான். அவள் புருஷன் துறைமுகத்தில் சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். ஆள் கருங்கல் மாதிரி இருப்பார். ஒரு நாள் வேலையிலேயே பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போனது. ஒன்றரை வருஷம் அவள் அவரைக் குழந்தை போலப் பார்த்துக்கொண்டதில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்தது. "இன்னா."

எங்கள் ஊர்க்காரருக்கு அந்த ஒரு சொல் போதும். பசித்தால் ஒரு ராகம், ஃபேன் போடச் சொல்ல ஒரு ராகம். நான் உள்ளே நுழைந்தால் புருவத்தைத் தூக்கி "இன்னா?" என்பார், மறுபடியும் வம்பு பேச வந்துட்டியா என்று அர்த்தம். நானும் விட மாட்டேன். "உன் பொண்டாட்டியத்தான் பாக்க வந்தேன், ஒன்ன யாரு பாப்பா" என்பேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரிக்கும். அந்த ஒரு சொல்லை அவள் எப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்த மழை மூன்று நாள் பெய்தது. நாங்கள் பார்த்து வளர்ந்த ஐப்பசி மழை வேறு. அது நாலு நாள் தூறும், ஒரு நாள் வெளுத்து வாங்கும், நடுவில் துணி காயவைக்க நேரம் கொடுக்கும். சில வருஷங்களாக அப்படி எதுவும் கிடையாது. ஐப்பசி முழுக்க வெயில் கொளுத்துகிறது. புழுக்கத்தில் தையல் மிஷின் மேல் வியர்வை சொட்டுகிறது. கடற்காற்று வர வேண்டிய நேரத்தில் வருவதில்லை. பிறகு ஒரு மாதத்து மழையை ஒரே இரவில் யாரோ கோபத்தில் கவிழ்த்த மாதிரி கொட்டுகிறது. அந்தத் தடவையும் அப்படித்தான். முதல் நாளே மூணாம்படி நனைந்தது. தாம்பாளம் அடித்தேன். தெருவே மாடிக்கு ஏறியது. சிநேகிதியின் புருஷனை நாலு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து மொட்டைமாடியில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் அறைக்குத் தூக்கினார்கள். முழங்கால் வரைக்கும் தண்ணீர் வந்தது. யாருக்கும் ஒரு பொருள் நஷ்டமில்லை. இரண்டு நாளில் வடிந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தால் கும்பிடாத குறை.

நாலாம் நாள் காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. சுள்ளென்று வெயில். பின்கதவைத் திறந்தேன். தண்ணீர் ஐந்தாம் படிக்கும் கீழே கிடந்தது. நான் இறங்கி மூணாம்படியில் உட்கார்ந்தேன். கல் காய்ந்து, வெயிலில் லேசாகச் சுடவும் ஆரம்பித்திருந்தது.

தெருவுக்கு வந்து "இறக்கு" என்றேன்.

சிநேகிதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மாடி அறையில் தகரமும் ஆஸ்பெஸ்டாஸுமாக வெந்துகொண்டிருக்கிறது, அவருக்கு மூச்சு வாங்குகிறது, எப்போது கீழே கொண்டுவரலாம் என்று விடிந்ததிலிருந்து தவித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் என்னைக் கூப்பிட்டு அவள் வீட்டு முன்னால் இருந்த மழைநீர் வடிகால் மூடியைக் காட்டினாள். "யக்கா, இத்தப் பாரு. உள்ள குமுறிக்கினே கீது. கரப்பாம்பூச்சி எல்லாம் மேல ஏறி வந்துச்சு. எனக்கு இன்னாவோ மாதிரி கீதுக்கா."

நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மழத்தண்ணி வடியுது, காத்து அடைக்குது. அதுக்குப் போய் பேஜாராவுறியே. படி காஞ்சி கீதுடி. நானே அது மேல குந்திட்டுதான் வரேன். அந்த மனுசன வேக வெக்காத, இறக்கு."

"நீ சொன்னா சரிக்கா" என்றாள்.

நாலு ஆண்களும் அவரைக் கீழே இறக்கிக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, மூன்று நாள் கூலி போனதே என்று வேலைக்கு ஓடினார்கள். தெரு முழுக்க பரணிலிருந்து மூட்டைகள் இறங்கின. என் வீட்டுக்காரர் அப்போது காட்டுப்பள்ளித் துறைமுக கேட் முன்னால் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் உலை வைத்தேன்.

பதினொன்றரை இருக்கும். கிழக்குப் பக்கமிருந்து பெண்கள் கத்துகிற சத்தம் கேட்டது. கத்துகிறவர்கள் ஏன் அந்தப் பக்கத்தில் கத்துகிறார்கள் என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து படியைப் பார்த்தேன். அப்படியே காய்ந்து கிடந்தது. என் புத்தி அப்படி. தெருவில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, நான் படியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

தண்ணீர் கடல் பக்கமிருந்து வந்தது. நெடுஞ்சாலைக்கு அடியில் கட்டிய புது வடிகால் கடலில் போய்ச் சேருகிறது. அன்று அமாவாசை. கடல் ஏறி நின்றது. மேலே எங்கெங்கோ பெய்த மழையெல்லாம் வந்து சேர்ந்தபோது கடல் வாங்க மறுத்து, எல்லாவற்றையும் வடிகால் வழியாகவே திருப்பி எங்களிடம் அனுப்பிவிட்டது. மூடிகள் பாத்திர மூடி போல எழும்பின. கருப்புத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. வெயிலில் அந்தப் படலம் ஏழு நிறத்தில் மினுங்கியது.

நான் சிநேகிதி வீட்டுக்குள் நுழைந்தபோது இடுப்பு வரை இருந்தது. கட்டில் பலகை நனைந்துகொண்டிருந்தது. அவள், நான், பக்கத்து வீட்டுப் பெண் மூவரும் சேர்ந்து தூக்கினோம். மாடிப்படிவரை கொண்டுபோக எங்களால் முடியவில்லை. சமையல் மேடை மேல் ஏற்றி, கேஸ் அடுப்பைத் தள்ளிவிட்டு, சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் அவர் விழாமல் பிடித்துக்கொண்டோம். கீழே தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் தண்ணீரைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னா?" என்றார்.

அது எனக்குப் பழக்கமான ராகம் இல்லை. நீதானே சொன்னாய், இது என்ன என்று கேட்டார். நான் அவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அப்படியே நாலு மணி நேரம், இடுப்புக்குக் கீழே எண்ணெய்த் தண்ணீரில் கால் தொங்க உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் ஆண்கள் திரும்பி வந்துதான் மாடிக்குத் தூக்கினார்கள். பிறகு காய்ச்சல், நெஞ்சில் சளி, படுக்கைப் புண்ணில் அந்தத் தண்ணீர் பட்டு ரணம், ஒரு மாதம் ஆஸ்பத்திரி. உயிரோடு திரும்பி வந்தார். அந்தச் சொல் மட்டும் திரும்பி வரவில்லை.

அன்று இரவு நான் வீட்டுக்கு வந்தபோதுதான் மூணாம்படி நனைந்திருந்தது. தெருவிலேயே கடைசியாக நனைந்தது அதுதான். என் வீட்டுத் தரையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு கணக்கெடுக்க ஓர் அதிகாரி வந்தார். சின்ன வயது, நல்ல மாதிரி. கடல் சூடாகி உப்பிக்கொண்டு வருகிறது, சூடான கடலிலிருந்து மேகம் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறது, அதனால் கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டும், கடல் உயர்ந்திருக்கும் நேரத்தில் வடிகால் வேலை செய்யாது, இனிமேல் இதெல்லாம் சகஜம் என்று பொறுமையாக விளக்கினார். "இத்த முந்தாநாளு வந்து சொல்லிகீணும், சார்" என்றேன். அவர் பேனாவை மூடிக்கொண்டார். சுற்றிலும் பார்த்தால் புகைபோக்கிகள். ஊருக்கெல்லாம் மின்சாரம், ஊருக்கெல்லாம் பெட்ரோல், ஊருக்கெல்லாம் உரம். அந்தப் புகையை இத்தனை வருஷம் நாங்கள்தான் மூச்சாக இழுத்தோம். அது போதாதென்று அந்தப் புகை போய்க் கடலையும் சூடாக்கி, கடல் எங்கள் வீட்டுக்குள்ளேயே வருகிறது என்றால், நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பது வேறு என்ன? எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

தெருவில் என்னை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டு, அழுது, தீர்ந்திருக்கும். சிநேகிதியின் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தாள். அவர் சுவர் பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். "ஒம் மேல ஒன்னும் இல்லக்கா. ஒனக்கு இன்னா தெரியும்" என்றாள். பதினெட்டு வருஷம் எல்லாம் தெரிந்தவளாக இருந்தவளிடம் சொல்கிற சொல்லா அது? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

தெருவுக்கென்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று உண்டு. அதில் மெல்ல மெல்லச் சத்தம் குறைந்தது. காலை வணக்கம் படமும், யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் படமும் வரும். எல்லோருக்கும் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் மறுபடியும் அப்படி ஒரு மழை பிடித்தது. இந்தத் தடவை நான் ஏமாறக் கூடாது என்று ராத்திரியும் பகலுமாகப் படியையும் பார்த்தேன், குடையோடு போய் ஒவ்வொரு வடிகால் மூடியையும் பார்த்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் நாள் மத்தியானம் கால்வாய் ஏற ஆரம்பித்த பிறகு பின்கதவை விட்டு நான் நகரவில்லை. இரண்டாம் நாள் காலை தண்ணீர் மூணாம்படியைத் தொட்டது. தாம்பாளத்தை எடுத்தேன். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம். இந்தத் தடவை சரியாகச் சொல்லப்போகிறேன், போன மானத்தை மீட்டுவிடலாம் என்று ஒரு நப்பாசை. அடித்துக்கொண்டே தெருவில் இறங்கினேன்.

ஒரு கதவும் திறக்கவில்லை. முதலில் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் ஓங்கி அடித்தேன். பிறகுதான் பூட்டுகளைப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு பூட்டு. வாசலில் மணல்மூட்டை. ஒரு ஸ்கூட்டர்கூட இல்லை. சிநேகிதி வீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். கட்டில் இருந்த இடம் காலியாக இருந்தது. ஒரு நாய் மட்டும் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது.

தெருவின் நடுவில் அண்ணாச்சி மளிகைக்கடை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைசிச் சர்க்கரை மூட்டையை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என்னையும் தாம்பாளத்தையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"எக்கா, நீங்க இன்னும் போவலியா? நேத்துச் சாயந்தரமே எல்லாரும் மாத்தூர்ல கல்யாண மண்டபத்துக்குப் போயாச்சுல்லா. வேன் வெச்சில்லா போனாவ. குரூப்புல போட்டுருந்தாவளே."

"எந்த குரூப்ல அண்ணாச்சி?"

நான் கையை நீட்டினேன். தயங்கித் தயங்கி போனைக் கொடுத்தார். தெருவின் பேரில் இன்னொரு குரூப். எல்லா வீடும் இருந்தது. அலை எப்போது உயரும், வடிகால் எப்போது திரும்பும், எந்த வேன் எத்தனை மணிக்கு என்று வரிசையாகச் செய்தி. என் பேரைத் தேடினேன். இல்லை. மேலே போய்ப் பார்த்தேன், இதை ஆரம்பித்தது யார் என்று. என் சிநேகிதி. அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் இருந்த மாதத்திலேயே ஆரம்பித்திருந்தாள்.

"என்கூட வேன்ல ஏறுங்கக்கா" என்றார் அண்ணாச்சி. மாட்டேன் என்றேன். கூப்பிடாத பந்தியில் போய் உட்காருகிற பழக்கம் எனக்கு இல்லை.

வீட்டுக்காரர் லோடு ஏற்றி வெளியூர் போயிருந்தார்; இரண்டு நாள் கரைமேட்டில் தனியாக இருந்தேன். கரண்ட் இல்லை, பால் இல்லை. முன்னால் தெருவும் தண்ணீர், பின்னால் கால்வாயும் தண்ணீர். என் வீடு நனையவில்லை. எப்போதும் போல அது மட்டும் நனையவில்லை. எத்தனை பேருக்குப் பரணுக்கு மூட்டை தூக்கிக் கொடுத்திருப்பேன், எத்தனை ராத்திரி கண் விழித்திருப்பேன் என்று ஒவ்வொரு வீடாக நினைத்து நினைத்து அழுதேன். தெருவுக்கே சொன்ன வீட்டுக்குத் தெருவில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வேன்கள் திரும்பின. நான் துடைப்பத்தோடு வாசலில் சேற்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். யாரும் என் கண்ணைப் பார்க்கவில்லை. சிநேகிதி தன் புருஷனை ஆட்டோவிலிருந்து இறக்கி உள்ளே படுக்கவைத்தாள். பிறகு சேற்றில் நடந்து நேராக என்னிடம் வந்தாள். நான் இரண்டு நாளாக மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த அத்தனையையும் கேட்க வாயைத் திறந்தேன். ஒன்றுதான் வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?"

அவள் அழவில்லை. களைத்துப்போயிருந்தாள்.

"சொல்லணும்னுதான்க்கா போன எடுத்தேன். சொன்னா நீ இன்னா பண்ணுவ? இரு, படியப் பாத்துட்டு வந்து சொல்றேன்னுவ. நீ வந்து காஞ்சி கீதுன்னு சொல்லிட்டா நான் போயிருக்க மாட்டேன்க்கா. அவர வெச்சிக்கினு இங்கியே குந்தியிருப்பேன். இன்னிக்கும் நீ சொன்னா நான் கேட்ருவேன். அதான் சொல்லல."